கணக்குப் பிள்ளையும் கூலிப் பிள்ளையும்

2006 அக்டோபர் 10 முதல், பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வீட்டு வேலைக்கு அமர்த்துவது இந்தியாவில் குற்றம். அதற்கு முந்தைய நாள் வரை குற்றம் இல்லை. தீப்பெட்டி, பட்டாசு, பீடி என்று தடைப் பட்டியல் நீண்டுகொண்டே வந்த காலத்திலும், சென்னை வீடுகளில் பாத்திரம் துலக்கிக்கொண்டும் கைக்குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டும் நின்ற கிராமத்துச் சிறுமி அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தாள். ஏறக்குறைய அதே பத்தாண்டுகளில்தான் பழைய மாமல்லபுரம் சாலையில், ஏரிகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவே கிடந்த சிறுசேரி, சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவாக மாறியது. நாவலூர், படூர், கேளம்பாக்கம் வரை அடுக்குமாடிகள் எழுந்தன. அந்த அடுக்குமாடிகளில் இன்று ஒரு புதிய பழக்கம் வேர்விட்டிருக்கிறது. படுக்கையை மடித்தால் ஐந்து ரூபாய், செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் பத்து ரூபாய் என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்துப் பட்டுவாடா. பெற்ற பிள்ளைக்குத்தான், சந்தேகம் வேண்டாம். பிள்ளைக்குப் பணத்தின் அருமை தெரிய வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இந்த இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அடுத்த வீட்டில் ஊழியம் செய்த சிறுமியும் சொந்த வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சிறுவனும் ஒரே தட்டில் நிற்பவர்கள் அல்லர். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமே, பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது. நான் கேட்பது வேறு. வேலைக்குக் காசு கொடுத்தால் பிள்ளை பணத்தைக் கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன? சிறுசேரி அமைந்திருக்கும் செங்கல்பட்டுச் சீமையில் பிள்ளைகள் வேலை செய்தார்கள், பிள்ளைகள் பணத்தையும் கற்றார்கள். ஆனால் வேலை செய்த பிள்ளையும் பணத்தைக் கற்ற பிள்ளையும் பெரும்பாலும் ஒரே பிள்ளை இல்லை. ஒருவன் கூலிப் பிள்ளை, மற்றவன் கணக்குப் பிள்ளை. இருநூற்றைம்பது ஆண்டுகளாக இரண்டு பேரும் வெவ்வேறு தெருவில் வளர்ந்தார்கள். இது தற்செயல் இல்லை என்பதுதான் என் வாதம்.

பழைய கணக்கிலிருந்து தொடங்கலாம். கிழக்கிந்திய கம்பெனியின் கைக்கு வந்த செங்கல்பட்டுச் சீமையை தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அளந்தார். சுமார் இரண்டாயிரம் ஊர்களின் விவரம் அதில் பதிவானது. அந்த ஆங்கிலப் பதிவுகளையும் அவற்றோடு தொடர்புள்ள ஓலைக் கணக்குகளையும் நம் காலத்தில் தரம்பாலும் அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்களும் வெளிக்கொண்டுவந்தார்கள். அவற்றில் தெரிவது களத்துமேட்டுப் பங்கீடு. நெல்லைத் தூற்றிக் குவித்ததும், அரசுக்கும் மிராசுதாருக்கும் பிரிப்பதற்கு முன்பே, கணக்கன், வெட்டியான், தச்சன், கொல்லன், குயவன், வண்ணான், நாவிதன் எனப் பலருக்கும் பங்கு எடுத்து வைக்கப்பட்டது. இதற்கு மேரை என்று பெயர். இன்னொரு பெயர் சுதந்திரம். ஆகஸ்ட் 15இல் நாம் கொண்டாடும் அதே சொல், அன்றைய வருவாய்க் கணக்கில் களத்து நெல்லில் ஒருவருக்கு உள்ள உரிமைப் பங்கு. இதில் நமக்கு வேண்டியது ஒரு சிறு செய்தி. பங்கு வீட்டுக்குப் போனது, ஆளுக்குப் போகவில்லை. வண்ணான் வீட்டுச் சிறுவன் அழுக்கு மூட்டை தூக்கினான், குயவன் வீட்டுப் பெண் மண் மிதித்தாள். அவர்கள் பெயரில் ஒரு படி நெல்லும் தனியாக அளக்கப்படவில்லை. வேலை பிள்ளையின் கடமை, பங்கு வீட்டின் உரிமை. இது பொற்காலம் என்று மயங்கவும் வேண்டாம். எந்த வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

அந்தப் பங்கின் அடித்தட்டில் இருந்தவர்களைப் பற்றி 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். பறையர் மக்களின் நிலை பற்றிய அந்த அறிக்கைதான் மறு ஆண்டு வெளிவந்த, இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் ஒதுக்கீட்டு ஆணைக்கு வழிவகுத்தது. படியாள் முறையை அது விளக்குகிறது. கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ மிராசுதாரிடம் வாங்கிய சிறு கடனுக்காக ஒருவன் படியாளாகிறான். படியளந்தால் உண்டு, கடன் அடைவதில்லை, தகப்பன் செத்தால் கடன் மகன் தலையில் ஏறுகிறது. மாடு மேய்க்கும் வயதிலேயே வேலைக்கு வந்துவிடும் அந்த மகனுக்குப் பணம் முதலில் அறிமுகமாவது கடனாக. அவன் பார்த்தே இராத, எண்ணியே இராத ஒரு தொகை அவன் உடம்பைக் கட்டிவைக்கிறது. உழைத்தால் பணத்தின் அருமை தெரியும் என்றால், இந்தச் சீமையிலேயே பணத்தை நன்றாகத் தெரிந்தவன் அவனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இது வயலோடு நின்றிருந்தால் பழங்கதை என்று தள்ளிவிடலாம். 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி தலைமையிலான தொழிலாளர் ராயல் கமிஷன், பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தை அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை என்று ஒன்றுக்கொன்று தொலைவான ஊர்களில் கண்டது. சென்னையில் அது பீடித் தொழிலில் நடந்தது. அதன் விளைவு 1933ஆம் ஆண்டின் பிள்ளைகள் உழைப்பு அடமானத் தடைச் சட்டம். அந்தச் சட்டத்தில் உள்ள ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்குக் கேடில்லாமல், நியாயமான கூலி தவிர வேறு ஆதாயம் பெறாமல், ஒரு வார அறிவிப்பில் விலக முடிகிற ஒப்பந்தம் செல்லும். ஆக அன்றைய சட்டத்தின் பார்வையில் பிள்ளை வேலை செய்வது குற்றமில்லை. அதன் கூலியை முன்கூட்டியே வேறு யாரோ வாங்கிச் செலவழித்துவிடுவதுதான் குற்றம். கூலி யார் கையில் தங்குகிறது என்பதே விஷயம் என்று 1933இலேயே புரிந்திருக்கிறது. புரிந்தும் என்ன? 2019 வரை செங்கல்பட்டோடு ஒரே மாவட்டமாக இருந்த காஞ்சிபுரத்தின் பட்டுத் தறிகளில் முன்பணம் தொடர்ந்தது. கோர்வைப் புடவைக்கு உடலையும் கரையையும் சேர்த்து நெய்ய நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும், அந்தக் கை பல தறிகளில் சிறுவனின் கை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி எழுதிய அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. சென்னை வீடுகளில் வேலைக்கு இருந்த சிறுமியின் கதையும் இதே அச்சு. மாதச் சம்பளத்தை வாங்க ஊரிலிருந்து அப்பாவோ மாமாவோ வருவார். அவளுக்குக் கிடைத்தது தீபாவளிக்கு ஒரு பாவாடை சட்டை.

இனி அடுத்த தெரு. 1822இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ கேட்ட பள்ளிக் கணக்கெடுப்பு, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் காட்டியது. பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். அங்கே பிள்ளை கற்றதில் பாதி கணக்கு. எண்ணைப் பொன்னின் பெயரால் வரிசையாக ஏற்றிச் சொன்னது பொன்னிலக்கம், அதையே நெல் அளவில் சொன்னது நெல்லிலக்கம். வாய்பாடு எல்லாம் எண்சுவடி. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று வரை மனப்பாடம். அதற்கும் கீழே, முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, கீழ்முந்திரி. இத்தனை நுட்பமான பின்னம் பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று இன்று தோன்றலாம். களத்துமேட்டுப் பங்கை அளக்க இதெல்லாம் வேண்டியிருந்தது. அதோடு, 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம் என்றிருந்த சென்னைக் கணக்கில் ஒரு தவறான வட்டி வாய்பாடு வீட்டையே விழுங்கிவிடும். (இந்தக் காசிலிருந்துதான் கிழக்கத்திய சில்லறைக்கு ஆங்கிலத்தில் கேஷ் என்ற பெயர் வந்தது. கேஷ் இருக்கா என்று நாம் கேட்கும் கேஷ் வேறு வேரிலிருந்து வந்த சொல்.) திண்ணைப் பள்ளிப் பிள்ளை கையில் காசு இருந்ததா என்றால் பெரும்பாலும் இல்லை. ஆனால் காசு எப்படிப் பிரியும், எப்படிச் சேரும், எப்படிக் குட்டி போடும் என்பது நாவில் இருந்தது.

இந்தக் கல்வி எல்லாருக்கும் கிட்டவில்லை. மன்றோவுக்குப் பதில் எழுதிய கலெக்டர்களில் பெல்லாரியின் கேம்பெல் 1823இல் வெளிப்படையாகச் சொன்னார்: நடுத்தர, ஏழைக் குடும்பங்களால் பள்ளிச் செலவைத் தாங்க முடியவில்லை, பிஞ்சுக் கைகால்கள் சிறு வேலைக்கு ஆனவுடனேயே பிள்ளைகள் வேலைக்குத் தேவைப்படுகிறார்கள் என்று. இதைப் படிக்கும்போது இரண்டு தெருக்களும் எங்கே பிரிகின்றன என்பது துலக்கமாகிறது. வேலை பிள்ளையைக் கணக்கிடம் கூட்டிப் போகவில்லை, கணக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போனது.

வேலையும் கணக்கும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்த இடம் ஒன்று உண்டு, அதை ஒளிக்கக் கூடாது. நகரத்தாரின் வட்டிக் கடைகளில், பர்மாவிலும் மலேயாவிலும், முதலாளிக்கு ஏஜெண்டு, ஏஜெண்டுக்குக் கீழ் அடுத்தாள், எல்லாருக்கும் கீழ் பெட்டியடிப் பையன். பணப்பெட்டி அருகே உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதும் அவன் வேலை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கப்பலேறியவர்கள் உண்டு. இவர்களில் பலர் பின்னாளில் பெரும் தனவணிகர்களானார்கள். பார்த்தீர்களா, வேலை பணத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டதே என்று கேட்கலாம். பெட்டியடிப் பையனுக்குக் கிடைத்த சம்பளம் சொற்பம், அவனை ஆளாக்கியது அந்தச் சம்பளம் அல்ல. இரவு கடை கட்டும்போது பெட்டியில் உள்ள ரொக்கமும் ஏட்டில் உள்ள இருப்பும் பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்ற ஒழுங்குதான் அவனை ஆளாக்கியது. பிறர் பணத்துக்குப் பதில் சொல்லிப் பழகினான். அதே சமூகத்தில் இதற்கு வீட்டுக்குள்ளும் ஒரு வடிவம் இருந்தது. கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே பெரிய வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்து 'வேறு வைப்பார்கள்'. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசி, பருப்பு, செலவுப் பணம் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும். மருமகள் எத்தனை பாத்திரம் துலக்கினாள் என்று எண்ணிக் கொடுத்ததல்ல அந்தத் தொகை, அது அவர்களுக்கு உரிய பங்கு. மீந்தால் அவர்களுடையது, குறைந்தால் அவர்கள் பாடு. இதைவிடச் செப்பமான கைச்செலவுத் திட்டத்தை எந்தப் பிள்ளை வளர்ப்பு நூலிலும் காண்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டில் வீட்டு வேலையையே பாடமாக்கும் முயற்சி ஒன்று அரசிடமிருந்தே வந்தது. 1953-54 கல்வியாண்டில் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி நேரம் ஒரு வேளைக்குச் சுருங்கியது, இரண்டு முறையாகப் பிள்ளைகள் வந்தார்கள். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். கட்டடமும் வாத்தியாரும் பற்றாத காலத்தில் இருப்பதை வைத்து இரு மடங்குப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம், உடல் உழைப்பின் மீதுள்ள இளக்காரம் போகும் என்பதெல்லாம் அதற்கான நியாயங்கள். மோசமான நியாயங்கள் என்று சொல்லிவிட முடியாது. காந்தியின் ஆதாரக் கல்வியும் கிட்டத்தட்ட இந்தத் திசையில்தான் நடந்தது. ஆனால் பெற்றோரின் தொழில் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரே பொருள்தான் உண்டு. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு சொல் திட்டத்தின் உள்ளே கிடந்ததை வெளியே இழுத்துப் போட்டது. பெண் பிள்ளைக்கு மீதி நேரம் என்றால் அடுப்படி என்பதையும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்து, 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. வேலைக்குப் போகும் பிள்ளையைப் பள்ளிக்குள் இழுத்துக்கொள்ள ஒரு வேளைச் சோற்றை முன்வைத்த அரசுகள் இவை.

குலக்கல்வித் திட்டத் தோல்வியின் நிழல் இன்றைய சிறுசேரி வரை நீள்கிறது என்றே நினைக்கிறேன். குலக்கல்வி போனபின் தமிழ்க் குடும்பத்தின் தாரக மந்திரம் 'நீ படி, அது போதும்' என்பதானது. தட்டைக்கூடக் கழுவ வேண்டாம், தண்ணீர்க் குடத்தைத் தொட வேண்டாம், தாய் தகப்பன் பட்ட பாடு உன்னோடு போகட்டும். 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறந்தபோது இந்தத் தென்புறநகர்தான் அவற்றின் விளைநிலம். வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., சிறுசேரியை ஒட்டிய படூரிலேயே இந்துஸ்தான். அங்கே படித்து வெளியேறி, சிப்காட் கட்டடங்களுக்குள் நுழைந்த தலைமுறை, வேலையிலிருந்து விலக்கி வளர்க்கப்பட்ட தலைமுறை. அவர்கள்தான் இப்போது பெற்றோர். தங்களுக்கு விலக்கு அளித்த தாய் தகப்பனின் உழைப்பைக் கண்ணால் பார்த்தாவது அவர்கள் வளர்ந்தார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியும் இல்லையே என்ற பதற்றம் அவர்களைப் பிடித்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவு அட்டவணையின் வேர் அந்தப் பதற்றம். அதை நையாண்டி செய்ய நான் தயாரில்லை.

அட்டவணை வந்த திசையையும் பார்த்துவிடலாம். சமூகவியலாளர் விவியானா செலிசர் 1985இல் எழுதிய நூலில், 1870களுக்கும் 1930களுக்கும் இடையே அமெரிக்கக் குழந்தை எப்படிச் சம்பாதிக்கும் பிள்ளையிலிருந்து விலைமதிப்பில்லாத செல்வமாக மாறியது என்று காட்டினார். ஆலைக்கும் தெருவுக்கும் போய்ச் சம்பாதித்த பிள்ளை வீடு திரும்பியதும் அதன் கையில் காசு இல்லாமல் போனது. அந்த வெற்றிடத்தில்தான் வாராந்தரக் கைச்செலவு வந்தது. அதை வேலைக்கு ஈடாகக் கொடுப்பதா, சும்மா கொடுப்பதா என்று அங்கே நூறாண்டாகச் சண்டை ஓயவில்லை. முடிவு தெரியாத ஒரு வழக்கின் ஒரு தரப்பை மட்டும் தீர்ப்பு என்று நினைத்து நாம் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்.

இங்கே பிள்ளைகள் பணம் பழகிய வழி வேறு. காணும் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் பெரியவர்கள் கொடுத்த காசு. கடைக்கு ஓடிப்போய் வந்தால் 'மீதியை நீயே வெச்சுக்கோ' என்ற சில்லறை. அதைப் போட்டுவைக்கத் திருவிழாக் கடையில் வாங்கிய மண் உண்டியல். உண்டியல் என்ற சொல்லே வியாபாரிகளின் பணமாற்றுச் சீட்டுக்கும் கோயில் காணிக்கைப் பெட்டிக்கும் பொதுவானது, கடைசியாகப் பிள்ளையின் மண்குடுக்கைக்கும் அதே பெயர். உடைக்காமல் எடுக்க முடியாது என்பதுதான் அதன் பாடத்திட்டம். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தபோது, பதினாறு அணா, அறுபத்து நான்கு காலணா என்ற பழைய கணக்கைப் புதிய நூறோடு பொருத்திப் பார்க்கத் தெரிந்தாக வேண்டியிருந்தது, கடைக்கு ஓடிய பிள்ளைகளுக்கும்தான். பள்ளியில் சஞ்சயிகா இருந்தது. மாணவர்களே காசாளராகவும் கணக்கராகவும் இருந்து நடத்திய சேமிப்பு வங்கி, மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர். சிறுசேமிப்புத் துறை சுவரெங்கும் எழுதிவைத்த காலம் அது. இவை எல்லாவற்றிலும் தொகை அற்பம். ஆனால் காசு பிள்ளையின் கையில் தங்கியது, அதற்குக் கணக்கு இருந்தது, எதற்குச் செலவழிப்பது என்று பிள்ளையே முடிவு செய்தது. கூலிப் பிள்ளைக்கு இல்லாமல் போன மூன்றும் இவைதான்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது கனமானது. அந்தக் காலத்துப் பிள்ளை காசைக் கண்ணால் பார்த்தது, இன்று சம்பளம் கைபேசியில் ஒரு மணியோசை. 2016இல் யுபிஐ வந்தபின் கீரைக்காரம்மாவும் அட்டையை நீட்டுகிறார், கடைக்கு ஓடும் வேலையே ஒழிந்தது, வீட்டு வாசலுக்குப் பொருள் வருகிறது. உழைப்புக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பை வீட்டுக்குள்ளாவது காட்ட வேண்டாமா? காட்ட வேண்டும்தான். ஆனால் படுக்கையை மடித்து ஐந்து ரூபாய் வாங்கும் பிள்ளைக்குத் தெரியவருவது உழைப்பின் மதிப்பு அல்ல, பேரம். ஐந்து ரூபாய் வேண்டாம், படுக்கையும் மடிக்க மாட்டேன் என்று ஒரு நாள் அது சொன்னால் தொழிலாளியாக அது சரியாகவே பேசுகிறது. அந்த நாளில் அப்பாவிடம் பதில் இருக்காது. கார் கழுவுவது, பழைய பேப்பரைக் கட்டி எடைக்குப் போடுவது போல, வெளியாளுக்குக் கொடுத்திருக்கக்கூடிய பணத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கே சந்தை விலை என்று ஒன்று இருக்கிறது. தன் எச்சில் தட்டைத் தானே எடுப்பதற்கு விலை கிடையாது.

இரண்டாவது எதிர்வாதம் பெண் பிள்ளைகளைப் பற்றியது, எனக்குச் சங்கடமானதும் அதுதான். வீட்டு வேலை கடமை, கூலி இல்லை என்று சொல்வது ஆணுக்குச் சுகமான பேச்சு. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 88 நிமிடம். கடமை என்று நாம் சொல்லிவந்தது யார் முதுகில் ஏறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கடைக்குப் போய் மீதிச் சில்லறையை வைத்துக்கொண்டவன் பையன், வீட்டுக்குள் கூட்டிப் பெருக்கியவளுக்கு மீதி என்று ஒன்றும் கிடையாது. அப்படியானால் அட்டவணை போட்டு விலை எழுதுவது நியாயம்தானே, வேலையாவது கண்ணுக்குத் தெரியுமே? அட்டவணை போடலாம். யார் எதைச் செய்கிறார்கள் என்று எழுதிவைப்பது நல்லது, அதில் அண்ணன் பெயரும் தங்கை பெயரும் சரிசமமாக வர வேண்டும். விலை எழுதுவதுதான் வினையாகிறது. காரணம் சிறுசேரியிலேயே கண்ணெதிரே இருக்கிறது. இந்த அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் பெண்களில் பலர், நகரத்திலிருந்து பெயர்த்து வந்து குடியமர்த்தப்பட்ட செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் வருகிறார்கள். மாதச் சம்பளத்துக்கு அந்த அக்கா மூன்று அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வீட்டில், ஒரு படுக்கையை மடித்ததற்குப் பிள்ளை ஐந்து ரூபாய் வாங்குகிறது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் இரண்டையும் வகுத்துப் பார்க்கும். வேலைக்கு ஏற்ற கூலி என்பதா அதற்குக் கிடைக்கும் விடை? யாருடைய பிள்ளை என்பதற்கு ஏற்ற கூலி என்பதுதான். களத்துமேட்டுப் பாடம் வேறு உருவில் திரும்புகிறது.

மூன்றாவதாக, உழைக்காமல் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பார்கள். தமிழ்நாட்டில் இந்த வாதம் பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுவதில்லை, எந்த நலத்திட்டம் வந்தாலும் எழும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகும் அந்தப் பணத்தை உதவி என்றும் சொல்லவில்லை, கூலி என்றும் சொல்லவில்லை. வீட்டு வேலைக்குச் சம்பளம் என்று கணக்கிட்டிருந்தால் நாளுக்கு 289 நிமிடத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அவமானமாக இருந்திருக்கும். உரிமை என்றபோது அதற்கு வேறு முகம் வந்துவிட்டது. பழைய சுதந்திரம் என்ற சொல்லின் நிழல், சாதிக் கணக்கைக் கழித்துவிட்டு, இங்கே விழுந்திருக்கிறது என்பது என் வாசிப்பு. தொகை போதுமா, தகுதி விதிகள் சரியா என்பதெல்லாம் தனி வழக்கு.

அதற்கு ஓராண்டு முன்பு, 2022 செப்டம்பர் 5இல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அதுவே விரிந்தது. இவர்களில் பலருக்கு வாழ்க்கையின் முதல் கைச்செலவுப் பணம் இதுதான். பணம் அப்பாவிடமோ முதலாளியிடமோ போவதில்லை, மாணவரின் சொந்த வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அதைப் பேருந்துக்குச் செலவழிப்பதா, புத்தகத்துக்கா, அம்மாவிடம் கொடுப்பதா, சினிமாவுக்குப் போவதா என்று பதினெட்டு வயதுப் பெண்ணே முடிவு செய்கிறாள். மாதக் கடைசியில் இருப்பு எவ்வளவு என்று அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுசேரி மாடியில் பெருக்கிவிட்டு இறங்கும் ஒரு செம்மஞ்சேரித் தாயின் மகளுக்கும் அந்த ஆயிரம் வரக்கூடும். அதற்காக அவள் வீட்டில் எத்தனை பாத்திரம் துலக்கினாள் என்று விண்ணப்பத்தில் கேட்கவில்லை.